படகிலும் இறால் குளத்திலும் உழைப்போரைத் தொழிலாளராக ஏற்கக் கோரும் மனு

பெறுநர்: பினாங்கு மாநிலத்தில் தொழிலாளர் விவகாரம், மீன்வளம், சமூகப் பாதுகாப்பு ஆகியவற்றுக்குப் பொறுப்பு வகிக்கும் அதிகாரிகள், ஜார்ஜ் டவுன்.

அனுப்புநர்: செயலாளர், சங்கச் செயற்குழுவுக்காக.

பொருள்: 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 101சி பிரிவை மீன்பிடிப் படகுகளிலும் இறால் குளங்களிலும் நடைமுறைப்படுத்தக் கோருதல்; மற்றும் பிற கோரிக்கைகள்.

பார்வை: இதே பொருள் குறித்து முன்னர் அனுப்பிய எங்கள் கடிதங்கள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

பத்து மாவுங், தெலுக் பஹாங் துறைகளில் படகேறுவோர், நிபோங் திபால் வட்டாரத்தில் இறால் குளம் காப்போர், துறையில் மீன் பிரிப்போர் ஆகிய கூலித் தொழிலாளர்களின் சங்கம் எங்களுடையது.

இந்த மனுவில் புதிய செய்தி அதிகம் இல்லை. முன்பு எழுதியதையே மறுபடி எழுதுகிறோம். அந்தக் கடிதங்கள் படிக்கப்பட்டனவா என்பதற்கு எங்களிடம் எழுத்தில் இருக்கும் ஒரே சான்று 'பெறப்பட்டது' என்ற முத்திரை மட்டுமே. ஆகவே ஒவ்வொன்றிலும் என்ன கேட்டோம் என்பதை மீண்டும் பதிவு செய்கிறோம்.

வேலைச் சட்டத் திருத்தம் 2023 ஜனவரி 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்ததை ஒட்டி முதல் கடிதத்தை எழுதினோம். முதலாளியின் படகில், முதலாளியின் வலையோடு, முதலாளி சொன்ன நேரத்தில் கடலுக்குப் போகிறவரை அந்த முதலாளியின் தொழிலாளராகக் கணக்கில் எடுங்கள் என்று அதில் கேட்டிருந்தோம். பதில் வரவில்லை.

அடுத்த கடிதத்தோடு, படகில் தெக்கோங் (படகுத் தலைவர்) எழுதிவைக்கும் கணக்கு நோட்டின் பக்கங்களை நகலெடுத்து இணைத்தோம். ஓர் அலுவலகம் அதை மீன்பிடி விவகாரம் என்று வேறோர் அலுவலகத்துக்கு அனுப்பியது. அந்த அலுவலகமோ, இது சம்பள விவகாரம், வந்த இடத்திலேயே கேளுங்கள் என்றது. எங்கள் உறுப்பினர்கள் ஒரு நாள் கூலியை இழந்து அந்தப் படிகளில் ஏறி இறங்கியவர்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தபோது மூன்றாவது கடிதம் அனுப்பினோம். ஐந்து பேரையோ அதற்கு மேற்பட்டோரையோ வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கு 2025 பிப்ரவரி 1 முதலும், மற்ற எல்லா முதலாளிகளுக்கும் 2025 ஆகஸ்ட் 1 முதலும் அந்த ஆணை பொருந்தும். எங்கள் துறைகளிலும் குளங்களிலும் அது எப்போது வந்து சேரும் என்று கேட்டோம். அதற்கும் பதில் இல்லை.

முதல் கோரிக்கை: படகுத் தொழிலாளரையும் குளத் தொழிலாளரையும் சட்டப்படி தொழிலாளராக ஏற்க வேண்டும்

எங்கள் மற்றக் குறைகள் பெரும்பாலும் இந்த ஒன்றில்தான் வேர் கொண்டுள்ளன. அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல அனுமதி கோருகிறோம்.

சுருக்கு வலைப் படகு ஒன்றில் சம்பளம் எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். படகும் இயந்திரமும் வலையும் முதலாளியுடையவை. எந்த இரவு புறப்படுவது என்பதை அவர் தொலைபேசியில் தெக்கோங்கிடம் சொல்கிறார். பிடித்த மீன் அவர் சொல்லும் மொத்த வியாபாரியிடம் போகிறது. நிறுவை நடக்கும்போது ஆட்கள் வலை கழுவிக்கொண்டிருப்பார்கள். தராசு முள்ளை அவர்கள் பார்ப்பதில்லை. விலை மறுநாள் வரும், சில வேளை அடுத்த வாரம் வரும். தெக்கோங் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் பேனாவால் கோடு போட்டு எழுதுவார்: மொத்தம், டீசல், ஐஸ், அரிசி சாமான், வலைப் பழுது, மீதி. மீதியில் பாதி படகுக்கு. மறுபாதியைப் பங்கு போட்டு ஆளுக்கு இவ்வளவு என்று முடிப்பார்.

எண்களோடு சொன்னால் இன்னும் தெளிவாகும். இவை விளக்கத்துக்காக நாங்கள் வைத்த எண்கள். மீன் 10,000 ரிங்கிட்டுக்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். டீசல், ஐஸ், சாமான், பழுது என்று 4,000 கழிகிறது. மீதி 6,000. படகுக்கு 3,000. ஆட்களுக்கு உரிய 3,000 பத்துப் பங்காகிறது. தெக்கோங்குக்கு இரண்டு, எட்டுப் பேருக்கு ஒவ்வொன்று. ஓர் ஆளின் கையில் 300 ரிங்கிட். இந்தக் கணக்கில் அந்த ஆள் டீசலுக்கும் ஐஸுக்கும் சாமானுக்கும் பழுதுக்கும் தன் உழைப்பிலிருந்து 200 ரிங்கிட் கட்டியிருக்கிறார். படகு அவருடையதல்ல, வலை அவருடையதல்ல, நாளைக்கு அந்தப் படகை விற்றால் ஒரு காசும் அவருக்கு வராது. ஆனாலும் செலவில் மட்டும் அவர் கூட்டாளி. காற்று மாறி, மீன் 3,000 ரிங்கிட்டுக்கே விற்றால் அன்றைய இரவுக் கூலி பூஜ்யம். குறைந்த 1,000 அடுத்த பயணத்தின் தலையில் ஏறும். அதற்குள் வீட்டு வாடகைக்கு வாங்கிய முன்பணம் வேறு இருக்கும். முன்பணம் தீராதவர் வேறு படகுக்குப் போக முடியாது என்பது துறையில் எழுதப்படாத சட்டம்.

எழுதப்பட்ட சட்டம் வேறு மாதிரி இருக்கிறது. அதே வேலைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, சம்பளத்திலிருந்து எவற்றைக் கழிக்கலாம் என்று பட்டியலிடுகிறது. முதலாளியின் டீசல் அந்தப் பட்டியலில் இல்லை. 22ஆவது பிரிவு முன்பணத்துக்கு வரம்பு வைக்கிறது. 10ஆவது பிரிவு, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. 19ஆவது பிரிவின்படி சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கைக்கு வந்தாக வேண்டும். இவை எல்லாம் தொழிலாளருக்கு உண்டு. நாங்கள் தொழிலாளர் அல்லர், பங்குக்குப் போகிறவர்கள் என்று ஒரு வாய்ச்சொல்லால் இத்தனை பிரிவுகளும் எங்களைத் தொடாமல் போகின்றன.

இதற்காகத்தான் 101சி பிரிவு வந்தது என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம். எழுத்து ஒப்பந்தம் இல்லாத இடத்தில், மாறாக நிரூபிக்கப்படும் வரை ஒருவரைத் தொழிலாளர் என்றே கொள்ள வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. அதற்கான அடையாளங்களையும் சொல்கிறது. வேலை செய்யும் முறை மற்றவரின் கட்டுப்பாட்டில் இருப்பது முதல் அடையாளம்; எங்கே வலை விரிப்பது என்பதை ஆள் தீர்மானிப்பதில்லை. வேலை நேரம் மற்றவரின் கட்டுப்பாட்டில் இருப்பது அடுத்தது; புறப்பாடும் திரும்புதலும் அவர் கையில் இல்லை. கருவியும் பொருளும் மற்றவர் தருவது. கையுறை தவிர எல்லாம் முதலாளியுடையது. வேலை அந்தத் தொழிலின் பிரிக்க முடியாத பகுதியாக இருப்பது. ஆளில்லாமல் வலை ஏறுமா? வேலை ஒருவரின் பயனுக்காகவே செய்யப்படுவது. ஒரு படகில் இருப்பவர் அதே வாரம் வேறு படகுக்குப் போவதில்லை. ஒழுங்கான இடைவெளியில் வரும் பணமே அவர் வருமானத்தின் பெரும்பகுதியாக இருப்பது. இது இல்லாவிட்டால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. இவற்றில் ஒன்று இருந்தாலே போதும் என்ற வகையில் சட்டம் அடுக்கிவைத்த அடையாளங்கள், எங்கள் ஆட்களிடம் அநேகமாக ஆறுமே இருக்கின்றன.

இந்த அனுமானம் சட்டத்தின் கீழ் குற்ற நடவடிக்கை நடக்கும்போதுதான் பொருந்தும் என்று ஒருவர் எங்களிடம் சொன்னார். சரி என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் நடவடிக்கை எடுக்க வேண்டும் அல்லவா? புகார் கொடுக்க வந்தவரிடம் முகப்பிலேயே சம்பளச் சீட்டு எங்கே, ஒப்பந்தம் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பினால் நடவடிக்கை எப்படித் தொடங்கும்? ஒப்பந்தம் இல்லாதவருக்காகவே எழுதப்பட்ட பிரிவின் வாசலில், ஒப்பந்தம் இல்லை என்ற காரணத்துக்காக ஆளை நிறுத்துகிறார்கள். இது நியாயம் அல்ல. ஒப்பந்தம் எழுதாமல் விட்டது முதலாளியின் மீறல். அதன் தண்டனையைத் தொழிலாளி அனுபவிக்கிறார். அதே சட்டத்தில் பொதுத் தண்டம் 50,000 ரிங்கிட் வரை உயர்த்தப்பட்டிருப்பது துறையில் யாருக்கும் தெரியாது. ஒரு முறையாவது விதிக்கப்பட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

பங்குக்கு வேலை செய்பவருக்குச் சம்பளச் சட்டம் எப்படிப் பொருந்தும் என்று கேட்பவர்கள் குறைந்தபட்சச் சம்பள ஆணையைப் படிக்க வேண்டுகிறோம். அடிப்படைச் சம்பளம் இல்லாமல் உருப்படிக்கு, எடைக்கு, பணிக்கு, பயணத்துக்கு, கமிஷனுக்கு என்று கூலி பெறுபவரின் மாத வருமானமும் நிர்ணயித்த தொகைக்குக் குறையக் கூடாது என்று அது சொல்கிறது. பயணத்துக்கும் எடைக்கும் கூலி பெறுபவர் யார் என்று தேடி நீங்கள் தொலைவு போக வேண்டாம். பத்து மாவுங் துறைக்கு ஒரு விடியற்காலை வந்தால் போதும். வேலைச் சட்டத்தின் முதல் அட்டவணையும், மலேசியாவில் பதிவான கலத்தில் எந்தப் பணியிலும் ஈடுபடுவோரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. கடலில் வேலை என்பதால் சட்டம் கரையோடு நின்றுவிடும் என்பதற்கு எந்த வாசகமும் இல்லை.

உலகம் இதைத் தீர்த்துவைத்து வெகுகாலம் ஆகிறது. அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 2007இல் நிறைவேற்றி, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 188ஆவது உடன்படிக்கை, பிடிப்பில் பங்கு பெறுபவரையும் மீன்பிடித் தொழிலாளர் என்றே வரையறுக்கிறது. பங்கு எவ்வளவு, எப்படிக் கணக்கிடப்படும் என்பது எழுத்து ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும் என்கிறது. நமக்கு வடக்கே அதே கடலில் மீன் பிடிக்கும் தாய்லாந்து 2019 ஜனவரியில் அதை ஏற்று உறுதி செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் காட்டிய மஞ்சள் அட்டைக்குப் பிறகு, படகுத் தொழிலாளரின் சம்பளத்தை வங்கிக் கணக்கு வழியாகவே கொடுக்கவும் அந்நாடு விதி செய்தது. அங்கே படகுத் தொழில் அழிந்துவிடவில்லை. தாய்லாந்துப் படகில் எழுத்தில் இருக்கும் கணக்கு, பினாங்குப் படகில் மட்டும் ஏன் பள்ளிக்கூட நோட்டில் இருக்க வேண்டும்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். தம்பியையோ மகனையோ கூட்டிக்கொண்டு சிறு ஃபைபர் படகில் போகிறவரை முதலாளி என்று பிடித்து வழக்குப் போடச் சொல்லவில்லை. அவரும் எங்களைப் போன்றவர்தான். அவர் பாடு எங்களுக்குத் தெரியும். கூலிக்கு ஆள் வைத்து நடத்தும் படகுகளையே சொல்கிறோம். பங்கு முறையையும் ஒழிக்கச் சொல்லவில்லை. நல்ல பிடிப்பு வந்தால் பங்கு கிடைப்பதில் எங்கள் ஆட்களுக்கு மகிழ்ச்சிதான். அடியில் சட்டம் சொன்ன தொகை இருக்கட்டும். மேலே பங்கு இருக்கட்டும். கடல் பொய்த்த மாதத்தின் நட்டத்தைப் படகு வைத்திருப்பவர் தாங்கட்டும், படகே இல்லாதவர் தாங்க வேண்டாம்.

இறால் குளங்களில் இதே கதை வேறு உடையில் நடக்கிறது. எஸ்டேட்டை விட்டு வந்த நம் குடும்பத்து ஆட்களும், இந்தோனேசியா, மியன்மார், வங்காளதேசம், தமிழ்நாடு முதலிய இடங்களிலிருந்து வந்தவர்களும் அங்கே வேலை செய்கிறார்கள். குளக்கரைக் குடிசையிலேயே வாசம். பகலில் தீவனம் வீசி, தட்டைத் தூக்கி இறால் எவ்வளவு தின்றது என்று பார்க்க வேண்டும். இரவில் நீரைக் கடையும் துடுப்புச் சக்கரங்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுக்க வேண்டும். சத்தம் நின்றால் மின்சாரம் போய்விட்டது என்று பொருள். ஜெனரேட்டரை ஓட்டத் தாமதமானால் நீரில் பிராணவாயு குறைந்து விடிவதற்குள் குளம் முழுக்கச் செத்து மிதக்கும். வாரத்துக்கு 45 மணி நேரம் என்று சட்டம் வைத்த வரம்பு அந்தக் கரையில் செவ்வாய்க்கிழமைக்குள் தீர்ந்துவிடுகிறது என்று சொன்னால் அது மிகையல்ல.

மாதா மாதம் சாப்பாட்டுச் செலவுக்கு ஒரு தொகை கொடுப்பார்கள். மீதி அறுவடையின்போது என்பார்கள். மூன்று நான்கு மாதம் கழித்து அறுவடை வரும். இடையில் வெண்புள்ளி நோய் விழுந்தால் குளமும் போச்சு, மீதியும் போச்சு. நோய் தொழிலாளி கொண்டுவந்ததா? குஞ்சு வாங்கியது யார், நீர் விட்டது யார், எத்தனை குஞ்சு விடுவது என்று தீர்மானித்தது யார்?

வெளிநாட்டுத் தொழிலாளரின் நிலை இன்னும் கொடுமை. அவருடைய பெர்மிட்டில் முதலாளியின் பெயர் அச்சாகியிருக்கிறது. அந்தப் பெயர் இல்லாமல் அவர் இந்த நாட்டில் ஒரு நாள் வேலை செய்ய முடியாது. ஆனால் சம்பளம் கேட்டு நின்றால், இவர் அறுவடையில் பங்குக்காரர் என்று சொல்லிவிடுகிறார்கள். குடிநுழைவுக்கு ஒரு முகம், சம்பளத்துக்கு ஒரு முகம். ஓர் ஆளை இரண்டாகக் காட்டும் இந்த வித்தையை அரசாங்கத்தின் ஓர் அலுவலகமும் இன்னோர் அலுவலகமும் தங்கள் தாள்களை ஒரு முறை ஒப்பிட்டாலே முடித்துவிடலாம்.

இது வெறும் சம்பளத்தோடு நிற்பதில்லை. கயிற்றில் விரல் போனவர், வழுக்கிக் கடலில் விழுந்தவர், குளத்து மோட்டாரில் மின்சாரம் தாக்கியவர் ஆகியோருக்கு சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) காப்பு உண்டா இல்லையா என்பதும் இந்தக் கேள்வியில்தான் தொங்குகிறது. தொழிலாளர் என்றால் 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலாளி சந்தா கட்ட வேண்டும்; 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளரும் வேலை விபத்துக் காப்பில் சேர்க்கப்பட்டுள்ளனர். சுயதொழிலர் என்றால் 2017ஆம் ஆண்டுச் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தானே பதிந்து தானே கட்ட வேண்டும். மீன்பிடித் துறைக்கும் அந்தத் திட்டம் 2020இல் திறக்கப்பட்டது. உண்மையான சிறு மீனவருக்கு அது நல்ல திட்டம், அதைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் கூலி ஆளிடம் நீயே போய் அதில் சேர்ந்துகொள் என்று படகுக்காரர் சொல்வது, தன் கடனை அவர் தோளில் ஏற்றுவது. வெளிநாட்டவருக்கோ அந்தத் திட்டத்தில் இடமே இல்லை. அவரைப் பங்குக்காரர் என்று சொன்ன நொடியில் இரண்டு சட்டத்தின் காப்பும் அவரை விட்டுப் போய்விடுகிறது. கால் ஊனமாகி ஊருக்குத் திரும்புகிறவர் விமான டிக்கெட்டுக்குத் துறையில் வசூல் செய்வதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அந்த உண்டியலில் போடுபவர்களும் அதே கூலி ஆட்கள்தான்.

பினாங்குத் தீவின் தென்கரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று செயற்கைத் தீவுகள் என்று இருந்த கடல் தூர்ப்புத் திட்டம் 2023 மே மாதம் ஒரே தீவாகக் குறைக்கப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பரில் வேலை தொடங்கியது. பெர்மாத்தாங் டாமார் லாவுட்டிலிருந்து கெர்தாக் சங்குல் வரையில் உள்ளவர்களுக்கு அது என்ன செய்யும் என்பதைப் பற்றி மற்றவர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். நாங்கள் சொல்வது இது மட்டும்: கடல் சுருங்கும்போது நட்டஈடு, மாற்று வேலை, உதவித் தொகை என்று பட்டியல் போடுவார்கள். எந்தத் தாளிலும் பெயர் இல்லாத கூலி ஆளை எந்தப் பட்டியலும் தேடி வராது. 1970களில் பிறை தொழிற்பேட்டைக் கழிவு ஜூரு ஆற்றைக் கெடுத்தபோது குவாலா ஜூரு மீனவர்கள் கெராங் சிப்பி வளர்ப்புக்கு மாறிப் பிழைத்தார்கள். அவர்களுக்கு ஊர் இருந்தது, ஒற்றுமை இருந்தது. பங்கு ஆளுக்கு நோட்டில் ஒரு கோடுதான் இருக்கிறது.

ஆகவே கேட்பது: எழுத்து ஒப்பந்தம் இல்லை என்ற காரணத்துக்காக எந்தச் சம்பளப் புகாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு தர வேண்டும். தொழிலாளர் இலாகா, மீன்வள இலாகா, சொக்சோ மூன்றும் சேர்ந்து துறைகளிலும் குளங்களிலும் முன்னறிவிப்பில்லாமல் சோதனை நடத்த வேண்டும். 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி ஆண்டுதோறும் படகு உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, ஆட்களின் பெயர்ப் பட்டியலும் ஒப்பந்தமும் சொக்சோ ரசீதும் காட்டாத படகுக்குப் புதுப்பிக்கக் கூடாது. இந்தக் கடைசி ஒன்றைச் செய்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பிற கோரிக்கைகள்

2. கூடைக்கும் கிலோவுக்கும் கூலி பெற்று மீன் பிரிக்கும், நெத்திலி காயவைக்கும், இறால் உரிக்கும் பெண்களுக்கும் குறைந்தபட்சச் சம்பள ஆணையை நடைமுறைப்படுத்த வேண்டும்.

3. தமிழ்நாட்டில் 2007இல் ஏற்பட்ட மீனவர் நல வாரியத்தில் கடலுக்குப் போகாத சார்புத் தொழிலாளரும் பதியலாம். அதைப் போன்ற ஒரு பதிவேட்டை இம்மாநிலத்திலும் தொடங்குவது பற்றி ஆராய வேண்டும்.

4. மீன் இறக்கும் துறைகளில் முத்திரையிட்ட தராசு வைத்து, நிறுவையின்போது ஆட்களின் பிரதிநிதி ஒருவரை அனுமதிக்க வேண்டும்.

5. தொழிலாளரின் கடப்பிதழை முதலாளியோ ஏஜெண்டோ பிடித்துவைப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம் என்ற அறிவிப்பைத் துறைகளிலும் குளங்களிலும் ஒட்ட வேண்டும்.

6. குளக்கரைக் குடிசைகளைத் தொழிலாளர் தங்குமிடக் குறைந்தபட்சத் தரச் சட்டத்தின்படி சோதிக்க வேண்டும்.

7. மீன் பிரிக்கும் கூடங்களில் பெண்களுக்குக் கழிப்பறையும், இரவு வேலைக்கு விளக்கும் அமைக்க வேண்டும்.

8. ஒவ்வொரு படகிலும் ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இருப்பதை உறுதி செய்ய வேண்டும்.

9. புகார்ப் படிவங்களைத் தமிழ், இந்தோனேசியம், பர்மியம், வங்காளம் ஆகிய மொழிகளிலும் வழங்க வேண்டும்.

இரண்டு முதல் ஒன்பது வரையில் உள்ளவற்றைப் படிப்படியாகச் செய்யலாம். முதல் கோரிக்கையைத் தள்ளிவைக்க முடியாது. அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை, பணம் ஒதுக்க வேண்டியதில்லை. 2023 முதல் புத்தகத்தில் இருக்கும் ஒரு பிரிவைப் பிரித்துப் படித்து, அதன்படி ஓர் உத்தரவில் கையெழுத்திட்டால் போதும்.

இம்மனு கிடைத்த 30 நாள்களுக்குள் எங்கள் பிரதிநிதிகளை நேரில் அழைத்துப் பேசும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். 101சி பிரிவு பங்கு ஆட்களுக்குப் பொருந்தாது என்பது தங்கள் நிலைப்பாடானால், எந்த வாசகத்தின்படி பொருந்தாது என்பதை எழுத்தில் தெரிவிக்கவும். வாய்மொழிப் பதிலை இனி எங்கள் உறுப்பினர்களிடம் கொண்டுபோக முடியாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்
சங்கச் செயற்குழுவுக்காக